தங்கவயலில் ஒரு சங்கம்: சுரங்கத் தொழிலாளர் காத்த எழுத்துச் செல்வம்

சங்கம் அமைப்பது எளிது. அதை நடத்துவது அரிது. அது செய்த பணியைப் பின்வருவோர் அறியும்படி எழுதிவைப்பது எல்லாவற்றிலும் அரிது. நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், நமக்கு முன்னோடியாக விளங்கிய ஒரு சிற்றூர்ச் சங்கத்தின் வரலாற்றை இளைஞர்கள் அறிந்துகொள்வது நலம். பொருள் வளமோ அரசின் ஆதரவோ இல்லாத உழைப்பாளிகள் கோலார் தங்கவயலில் நடத்திய சாக்கைய பௌத்த சங்கமே அது.

அன்றைய மைசூர் சமஸ்தானத்தில், பெங்களூருக்குக் கிழக்கே அமைந்தது கோலார் தங்கவயல். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கப் பணியை மேற்கொண்டபின், வட ஆற்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து ஏழை மக்கள் கூட்டங்கூட்டமாகக் குடியேறினர். அவர்களுள் பெரும்பாலோர் நம் ஆதிதிராவிட மக்கள். சொந்த ஊரில் பண்ணையாரின் நிலத்தில் கட்டுண்டு கிடந்தவர்களுக்கு, மாதந்தோறும் கையில் கூலி கிடைக்கும் தொழில் ஒரு விடுதலையாகவே தோன்றியது. ஆயினும் அவ்விடுதலைக்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. பாறை வெடித்துச் சரிந்து மாண்டோர் பலர்; கல்தூளைச் சுவாசித்து நெஞ்சுநோயால் நலிந்தோர் பலர். மூங்கில் தட்டிகளால் அமைந்த குடிசைகளே அவர்களுடைய வீடுகள். சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து 1902ஆம் ஆண்டிலேயே மின்சாரம் தங்கவயலை வந்தடைந்தது. ஆனால், அது சுரங்க இயந்திரங்களை ஓட்டுவதற்காக வந்த மின்சாரம்.

அம்மக்களின் உள்ளத்திற்கு வேறொரு விளக்குத் தேவைப்பட்டது. அதை ஏற்றியவர் க. அயோத்திதாசப் பண்டிதர். 1845ஆம் ஆண்டில் பிறந்து, சித்த மருத்துவராகவும் தமிழ்ப் புலவராகவும் விளங்கிய அவர், 1891ஆம் ஆண்டில் திராவிட மகாஜன சபையைத் தோற்றுவித்தார். 1898ஆம் ஆண்டில் கர்னல் ஆல்காட் துணையுடன் இலங்கை சென்று, சுமங்கல மகாநாயகரிடம் பஞ்சசீலம் ஏற்று மீண்டார். சென்னை இராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கத்தை நிறுவினார். பிறப்பினால் எவரும் இழிந்தவரல்லர் என்பதும், இம்மக்கள் பண்டைப் பௌத்தர்களின் வழிவந்தோர் என்பதும், கல்வியும் ஒழுக்கமுமே உயர்வு தருவன என்பதும் அவர்தம் கொள்கை. அக்கொள்கையைப் பரப்ப, 1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டிலேயே அது ‘தமிழன்’ எனப் பெயர் பெற்றது.

அவ்விதழ் தொடங்கிய அதே காலத்தில்தான் தங்கவயலின் மாரிகுப்பத்திலும் சங்கத்தின் கிளை வேரூன்றியது. எம். ஒய். முருகேசர், இ. குருசாமியார் முதலியோர் அதை வளர்த்த பெருமக்கள். திருப்பத்தூர் ஏ. பி. பெரியசாமிப் புலவரும் இவ்வியக்கத்திற்குப் பெருந்துணையாக நின்றார். வாரந்தோறும் கூடிப் பஞ்சசீலம் ஓதுதல், சொற்பொழிவு நிகழ்த்துதல், புத்தர் திருநாளைக் கொண்டாடுதல், திருமணமும் இறுதிச் சடங்கும் பிற சாதிப் புரோகிதர் இன்றித் தம்மவரைக் கொண்டே நடத்துதல் ஆகியன சங்கத்தின் பணிகள். எழுத்தறியாதவர் கேட்டு அறியும்படி, எழுத்தறிந்தவர் ‘தமிழ’னை உரக்கப் படித்தனர். பகலெல்லாம் பூமியின் அடியில் கல் உடைத்தவன், மாலையில் கூட்டத்தின் நடுவே எழுந்து நின்று தன் கருத்தை உரைத்தான். தலை குனிந்தே பழகிய ஒரு மனிதனுக்கு இது எத்துணைப் பெரிய மாற்றம் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

1914ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். அவர்தம் புதல்வர் பட்டாபிராமன் சிறிது காலம் இதழை நடத்தினார். பின்னர் அது நின்றது. தலைவர் மறைந்ததும் இயக்கமும் மறைவது நம் சமுதாயத்தில் பலமுறை கண்ட காட்சியே. ஆனால், தங்கவயலார் அவ்வாறு விட்டுவிடவில்லை. 1926ஆம் ஆண்டில் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு ‘தமிழன்’ மீண்டும் உயிர்பெற்றது. இம்முறை அது வெளிவந்த இடம் கோலார் தங்கவயல்! அதனோடு, சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் இயங்கிய சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை ஒவ்வொன்றாக அச்சிட்டு வெளியிட்டது. பண்டிதரின் எழுத்துகள் கல்லூரிகளின் கவனத்தைப் பெறாதிருந்த காலத்தில், சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த ஓர் ஊர் அவற்றைப் பதிப்பித்துக் காத்தது. இதே தொழிலாளர்தாம் 1930ஆம் ஆண்டில், பெருவிரல் ரேகை பதிக்கச் சொன்ன நிர்வாகத்தை எதிர்த்து, அது குற்றவாளிகளுக்கு உரிய முறை எனக் கூறி வேலைநிறுத்தம் செய்தனர். தன்மானம் கற்ற மக்கள் எவ்வாறு நடந்துகொள்வர் என்பதற்கு அதுவே சான்று.

அதன்பின் நெடுங்காலம் பண்டிதரின் பெயர் பொது வரலாற்றில் இடம்பெறவில்லை. பாட நூல்கள் அவரைக் கூறவில்லை; மேடைகளும் மறந்தன. எனினும் அன்பு பொன்னோவியம் முதலிய ஆர்வலர்கள் பழைய ‘தமிழன்’ இதழ்களைக் கறையானுக்கு இரையாகாமல் பேணி வைத்திருந்தனர். அவற்றைக் கொண்டே ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’, 1999ஆம் ஆண்டில் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தின் வாயிலாக வெளிவந்தது. 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை பண்டிதருக்குத் தபால்தலை வெளியிட்டது. மறைந்து தொண்ணூற்றோர் ஆண்டுகள் கழித்து ஒரு மனிதர் மீண்டும் பேசத் தொடங்கினார் என்றால், எளியவர் சிலர் பழந்தாள்களைத் தூக்கியெறியாமல் காத்தமையே காரணம் அன்றோ!

தங்கவயலின் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. நூற்றிருபது ஆண்டுகளாக நம் மக்கள் வெட்டியெடுத்த பொன் யார் யார் கருவூலத்தையோ சேர்ந்தது. அவர்கள் தமக்கென்று சேர்த்துவைத்த செல்வம் எழுத்துதான். அது இன்றும் நம்மிடம் இருக்கிறது.

இளைஞர்களே! நம் கழகத்தின் இருபத்தைந்தாண்டுக் கால நடவடிக்கைக் குறிப்பேடுகள், சந்தாப் புத்தகங்கள், விழா அழைப்பிதழ்கள், மங்கிப்போன நிழற்படங்கள் ஆகிய யாவும் நம் வரலாறே. இரவுப் பள்ளியில் பாடம் சொன்னவரும், வீடுவீடாகச் சென்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துவந்த தாய்மாரும் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்களை அணுகிக் கேட்டு எழுதுங்கள்; பழைய தாள்களைத் திரட்டிக் கழகத்தின் நூலக அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். நம் வரலாற்றைப் பிறர் எழுதித் தருவர் என்று காத்திருந்த சமுதாயம் நாம். இனியும் காத்திராமல், நம் கையாலேயே அதை எழுதுவோமாக.