மெட்ரிகுலேஷன்

இச்சொல்லின் மூலம் ‘மெட்ரிகுலா’. இலத்தீனில் பெயர்ப் பதிவேடு என்று பொருள். பல்கலைக்கழகப் பதிவேட்டில் மாணவர் பெயரைச் சேர்ப்பதையும், பின்னர் அதற்குரிய நுழைவுத் தேர்வையும் குறித்தது. 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம் இதைத் தமிழகத்தில் பரப்பியது. சென்னை, மதுரைப் பல்கலைக்கழகங்களின் கீழிருந்த மெட்ரிகுலேஷன் பள்ளிகள் 1970களின் பிற்பகுதியில் மாநில அரசின் பொறுப்புக்கு வந்தன.

இன்று திருநெல்வேலி மாவட்டத்தின் ராதாபுரம் வட்டாரத்தில் மஞ்சள் பள்ளி வேனின் பக்கவாட்டில் ‘மெட்ரிக்.’ என்றிருந்தால், அது அரசு உதவி பெறாத தனியார் பள்ளி; பெரும்பாலும் இருபாலரும் படித்து மாலையில் வீடு திரும்பும் பள்ளி. அங்கே தனிப் பாடத்திட்டம் உண்டென்று பெற்றோர் பலர் இன்னும் நம்புகிறார்கள். அது பழைய கதை. 2010இன் சமச்சீர் கல்விச் சட்டம், 2011இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன்பின் அரசுப் பள்ளிக்கும் மெட்ரிக் பள்ளிக்கும் பத்தாம் வகுப்புப் பாடமும் பொதுத்தேர்வும் ஒன்றே. மெட்ரிக்கில் பயிற்றுமொழி பெரும்பாலும் ஆங்கிலம், அவ்வளவுதான்.

ஆகவே பெயர்ப்பலகையைவிட முக்கியமானவை, நடப்பு அங்கீகார ஆணையும் 2009ஆம் ஆண்டுக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி கட்டண நிர்ணயக் குழு விதித்த கட்டணமும். கல்வி உரிமைச் சட்டப்படி நலிந்த பிரிவினருக்கான 25 விழுக்காட்டு இடங்களும் இப்பள்ளிகளின் நுழைவு வகுப்பில் உண்டு. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அது பொருந்தாது.