பரப்பு விதியும் கோண உந்தமும்

விஞ்ஞான வரலாற்றிலே ஒரு விதி கண்டறியப்படுங் காலமும் அதன் காரணம் உணரப்படுங் காலமும் எப்போதும் ஒன்றாக அமைவதில்லை. ஒழுக்கிற் சுற்றும் பொருளொன்றின் கோண உந்தத்தைக் கணிக்கும் முறை உருவான வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1600ஆம் ஆண்டிற் பிராக் நகருக்கு அண்மையில் தைக்கோ பிராகேயிடம் உதவியாளராகச் சேர்ந்த கெப்ளரிடம் செவ்வாயின் இயக்கத்தை ஆராயும் பணி ஒப்படைக்கப்பட்டது. கோளானது ஞாயிற்றை அணுகுகையில் விரைந்தும் அகலுகையில் தளர்ந்தும் செல்வதற்கு அவர் ஒரு காரணங் கூறினார். ஞாயிற்றிலிருந்து பரவும் விசையொன்று கோளைப் பக்கவாட்டாகத் தள்ளுகின்றது. தூரங் கூட அவ்விசை குன்றுகின்றது என்பதே அது. ஆதலாற் கதியுந் தூரத்திற்கு நேர்மாறானது எனக் கொண்டார். எண்ணற்ற தூரங்களைக் கூட்டுவது கடினமாகவே, அவற்றிற்குப் பதிலாகப் பரப்பை அளவிட்டார். ஞாயிற்றையுங் கோளையும் இணைக்குங் கோடு சம காலங்களிற் சம பரப்புகளைக் கடக்கும் என்ற விதி இவ்வாறே பிறந்து, 1609இல் வெளியான 'புதிய வானியல்' என்னும் நூலில் இடம்பெற்றது.

விதி நிலைத்தது, காரணம் நிலைக்கவில்லை. விசை எப்போதும் ஒரே மையத்தை நோக்கியிருப்பின் பரப்பு விதி தானாகவே பெறப்படும் என்பதை நியூற்றன் 1687இல் வெளியிட்ட 'பிரின்சிப்பியா'வின் முதற் பாகத்து முதலாம் எடுப்பிலேயே நிறுவினார். கெப்ளர் நம்பிய பக்கவாட்டு விசை உண்மையில் இருந்திருப்பின், அவரது விதியே குலைந்திருக்கும்.

பரப்புக் கடக்கப்படும் வீதத்தைத் திணிவின் இருமடங்காற் பெருக்கக் கிடைப்பதே கோண உந்தம். பதினெட்டாம் நூற்றாண்டில் தானியேல் பேர்ணூலி, ஒயிலர் முதலியோர் இக்கருத்தைப் பொதுவாக்கினர். புவியையே எடுத்துக்கொள்வோம். சனவரியில் ஞாயிற்றுக்கு மிக அண்மையில், ஏறக்குறைய 1471 இலட்சம் கிலோமீற்றர் தூரத்தில், அது செக்கனுக்கு 30.29 கிலோமீற்றர் கதியிற் செல்கின்றது. யூலையில் மிகச் சேய்மையில், 1521 இலட்சம் கிலோமீற்றர் தூரத்தில், கதி 29.29 கிலோமீற்றராகக் குறைகின்றது. இவ்விரு நிலைகளிலும் வேகம் தூரக்கோட்டிற்குச் செங்குத்தாகையால் தூரத்தையுங் கதியையும் நேரே பெருக்கலாம். இரு பெருக்கங்களும் ஏறத்தாழச் சமமாகின்றன. இடையிலுள்ள புள்ளிகளிலே வேகத்தின் செங்குத்துக் கூற்றை மட்டுமே பெருக்குதல் வேண்டும்.

கெப்ளர் கூறிய காரணம் பிழையென்பதால் அவரது கணிப்பு கைவிடப்படவில்லை. கணிப்புச் சரியென்பதாற் காரணம் ஏற்கப்படவுமில்லை. இவ்விரண்டையும் வேறுபிரித்து நோக்கியமையே நியூற்றனின் பெருஞ்சாதனை எனலாம்.