வன்னித் தாய்மாரும் குலைப்பன் காய்ச்சலும்

வன்னியின் வரலாற்றைப் பண்டாரவன்னியனில் தொடங்கிக் குளங்களோடு முடித்துவிடுவது நம்மவர் வழக்கம். அவ்வரலாற்றில் நுளம்புக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. அதைக் கர்ப்பிணித் தாய்மாரின் பக்கமிருந்து எழுதியவர்கள் மிகக் குறைவு.

1934-35இல் இலங்கையை உலுக்கிய மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். பேரழிவு நேர்ந்தது கேகாலை, குருநாகல் பகுதிகளிலேயாகும். வன்னிக்கோ அது புதிய விருந்தாளியன்று. மாரி ஓய்ந்ததும் ஆண்டுதோறும் வந்து போகும் பழைய பகையாளி. குலைப்பன் காய்ச்சல் என்று நம் முன்னோர் அழைத்தது இதனைத்தான்.

இக்காய்ச்சல் கர்ப்பிணியிடம் நடந்துகொள்ளும் விதம் தனியானது. பல்சிப்பாரம் கிருமி தொற்றிய செங்குருதிக் கலங்கள் நச்சுக்கொடியிற் சென்று ஒட்டிக்கொள்கின்றன. சிசுவுக்குரிய ஊட்டமும் ஒட்சிசனும் தடைப்படுகின்றன. நோய் நிலைத்த ஊரிற் பிறந்து வளர்ந்த தாய்க்குக் காய்ச்சலே தோன்றாதிருக்கலாம். ஆயினும் இரத்தம் குன்றும், குழந்தை எடை குறைந்து பிறக்கும். தலைப்பிரசவத்திலேயே இது மிகுதி. எதிர்ப்புச் சக்தி இல்லாத தாய்க்கோ கருச்சிதைவும், குழந்தை இறந்து பிறத்தலும், சில வேளை தாயின் மரணமுமே நேர்கின்றன. ஆறில்லாத குடாநாட்டிலிருந்து 1930களின் பின் கிளிநொச்சிக் குடியேற்றங்களுக்கு வந்த இளம் மனைவியர் இந்த இரண்டாம் வகையினராகவே இருந்திருப்பர் என்பது என் ஊகம்.

1946இல் டி.டி.ரி. தெளிப்பு விரிவாக்கப்பட்டது. ஆயிரத்துக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த நாட்டின் இறப்பு வீதம் மறு ஆண்டே 14 ஆகச் சரிந்தது. புகழ் முழுவதும் மருந்துக்கே உரியதா என்று எஸ்.ஏ. மீகம போன்றோர் பின்னர் வினவினர். சுகாதார சேவையின் விரிவையும் உணவையும் அவர்கள் சுட்டினர். நியாயமான வினாவே. மருத்துவிச்சியின் காலடி படாத ஊரில் டி.டி.ரி. மட்டும் தாயைக் காத்திருக்குமா?

1963இல் நாடு முழுவதிலும் பதிவானோர் 17 பேரே. வெற்றிக் களிப்பில் தெளிப்பு தளர்ந்தது. 1968-69இல் நோய் மீண்டும் பெருகியது. போர்க்காலத்தில் அதன் பெரும் பாரத்தை வடக்கும் கிழக்கும் சுமந்தன. மருந்துக்கும் எரிபொருளுக்கும் கட்டுப்பாடுகள் நிலவிய அந்நாட்களில் வன்னித் தாய்மார் பட்ட பாடு தனியே எழுதப்பட வேண்டியது. கர்ப்பிணிக்குக் குளோரோகுயின் கொடுக்கலாம். ஈரலில் உறங்கும் வைவாக்ஸ் கிருமியை அழிக்கும் பிறிமாகுயினைக் கொடுக்கலாகாது. ஆதலால் மாறிய காய்ச்சல் பிரசவத்துக்கு முன்பே திரும்புவதும் உண்டு.

உள்நாட்டிலேயே தொற்றிய மலேரியா 2012உடன் ஓய்ந்தது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது.