துருக்கியச் சிறுகதையில் தாயும் தேசமும்

துருக்கியச் சிறுகதைக்குத் தேசிய உருவம் கொடுத்தவர்களுள் முதலில் நினைக்கத்தக்கவர் ஓமர் ஸைபுத்தீன் (1884-1920). படை அதிகாரியாக இருந்த இவர், 1911இல் சலோனிக்காவில் வெளியான 'இளம் பேனாக்கள்' சஞ்சிகையில், அரபு, பாரசீக இலக்கணக் கட்டுகளைக் களைந்து பேச்சுத் துருக்கியில் எழுதவேண்டும் என வாதாடினார். அந்தப் பேச்சுக்கு உரைகல் எது? இஸ்தான்புல் பெண்களின் நாவே என்றார் அவருடைய தோழர் ஸியா கோகல்ப். தேசத்தின் மொழி தாயின் வாயிலிருந்து எடுக்கப்பட்டது என்றும் இதனைக் கொள்ளலாம்.

ஆனால் கதையிலே நடப்பது வேறு. இத்தாலி திரிப்போலியைத் தாக்கிய அதே 1911இன் பின்னணியில் எழுந்தது 'பிரிமோ'. தந்தை கெனான் துருக்கியப் பொறியியலாளர். தாய் கிராஸியா இத்தாலியப் பெண். போர்ச் செய்தி வந்ததும் கணவனின் உள்ளம் மாறுகிறது. மனைவி தாயகம் திரும்ப எண்ணுகிறாள். மகனோ, தான் துருக்கியன் எனத் தந்தையோடு நின்றுவிடுகிறான். அக்கால வாசகர் மெய்சிலிர்த்திருக்கக்கூடும். நமக்கோ, பெரியவர்களின் அரசியல் ஒரு குழந்தையின் வாயில் திணிக்கப்பட்டிருப்பதாகவே படுகிறது. பெற்றவளைத் துறப்பதுதானா தேசப்பற்றின் பரீட்சை?

இதே ஆசிரியரின் 'முதல் தொழுகை' வேறு தரம். அங்கே தாய் விடியுமுன் மகனை மெல்ல எழுப்பி, சுபஹ் தொழுகைக்கு அழைக்கிறாள். தேசத்தைப் பற்றிய பிரசங்கம் ஏதுமில்லை. வளர்ந்துவிட்ட மகன் நினைத்து ஏங்குவது அந்தக் குரலைத்தான்.