வரி இணைப்புக் கட்டளைகள்

உரைக் கோப்புகளின் வரிகளைக் கட்டளைவரியிலேயே ஒன்றுசேர்க்கும் யூனிக்ஸ் கருவிகளில் கேட், பேஸ்ட், ஜாயின் மூன்றும் முதன்மையானவை. கேட் ஒரு கோப்பின் அடியில் அடுத்த கோப்பைத் தொடுக்கும். பேஸ்ட் ஒன்றின் முதல் வரிக்குப் பக்கத்தில் மற்றதன் முதல் வரியை வைக்கும். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காது. பார்த்துச் சேர்ப்பது ஜாயின்தான்: இரண்டு கோப்புகளிலும் ஒரே சொல் இருக்கும் வரிகளை மட்டும் இணைக்கும்.

இந்த இணைப்பு வேலை யூனிக்ஸைவிடப் பழையது. ஐபிஎம் 1937இல் கொண்டுவந்த 077 கொலேட்டர், வரிசைப்படுத்திய இரண்டு துளையட்டைக் கட்டுகளை ஒரே கட்டாக்கித் தந்தது. அதையே கணினிக்கான செய்முறையாக 1945இல் வகுத்தவர் ஜான் வான் நாய்மன். 1971இல் வந்த யூனிக்ஸ் முதல் பதிப்பிலேயே கேட் உண்டு. பேஸ்டை எழுதியவர் பெல் ஆய்வகத்தின் காட்ஃபிரீட் லூடரர். 1979இன் ஏழாம் பதிப்புக் கையேடு ஜாயினை உறவுநிலைத் தரவுத்தளச் செயற்குறி என்றே அறிமுகப்படுத்தியது. எட்கர் காட் 1970இல் முன்வைத்த உறவுநிலைக் கோட்பாடு அதற்குள் வெறும் உரைக் கோப்புக்கு இறங்கி வந்துவிட்டிருந்தது.

கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூரில் அரசு பொறியியல் கல்லூரி 1994 முதல் இயங்குகிறது. இதுபோன்ற கல்லூரிகளின் மாணவர்கள் இயக்குதள ஆய்வகத்தில் இக்கட்டளைகளைப் பழகும்போது கோப்பில் இருப்பது பெரும்பாலும் ஆங்கிலம், சிக்கல் தெரியாது. அந்த வட்டாரப் பயிர்களைத் தமிழில் தட்டினால் தெரியும். ஜாயினுக்கு இரண்டு கோப்புகளும் ஒரே அகரவரிசையில் இருக்க வேண்டும். தமிழ் நெடுங்கணக்கில் 'ன' கடைசி மெய். ஆகவே கம்பு முன்னே, கனகாம்பரம் பின்னே. இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுத்த இஸ்கி குறியீட்டைப் பின்பற்றிய யூனிகோடிலோ 'ன' எழுத்து 'ந'வுக்கு அடுத்து நிற்கிறது; பைட் மதிப்பில் வரிசைப்படுத்தினால் கனகாம்பரம் முந்திக்கொள்ளும். ஒரு கோப்பு இப்படி, இன்னொன்று அப்படி என்றிருந்தால் வரிகள் விடுபடும். குனு ஜாயின் வரிசை சரியில்லை என்று எச்சரிக்கும். பலர் அதைப் படிப்பதில்லை. இரண்டையும் ஒரே மொழி அமைப்பில் சார்ட் கட்டளைக்குக் கொடுத்து வரிசைப்படுத்திவிட்டு, ஜாயினையும் அதே அமைப்பில் இயக்கி இணைப்பதே வழி. தமிழ் வரிசையேதான் வேண்டும் என்ற பிடிவாதம் இங்கே தேவையில்லை. இரண்டு கோப்புகளும் ஜாயினும் ஒத்துப்போனால் போதும்.

வரிசை சரியாக இருந்தும் கைவிடும் சொற்கள் உண்டு. கொள்ளு என்பதன் 'ஒ'கரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாகப் பிரித்து இரண்டாகவும் எழுதலாம். யுடிஎஃப்-8இல் முதலாவது 18 பைட், இரண்டாவது 21. திரையில் வித்தியாசமே தெரியாது. ஜாயின் பைட்டுகளை ஒப்பிடும்போது அதற்கு இவை இரண்டு வேறு பயிர்கள். இரு வடிவங்களையும் ஒன்றாக்கும் யூனிகோடு இயல்பாக்கம் செய்த பிறகே கொள்ளு கொள்ளோடு சேரும்.