அராக்கிஸ் யாருடைய ஜாகீர்?

ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' நாவல் ஒரு நிலப் பரிமாற்றத்தோடுதான் தொடங்குகிறது. அராக்கிஸ் என்ற பாலைவனக் கிரகத்தை 80 ஆண்டுகளாக வைத்திருந்த ஹார்க்கோனன் குடும்பம் வெளியேறுகிறது. 26 தலைமுறைகளாகக் காலடானில் வாழ்ந்த அட்ரெய்டீஸ் குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு அங்கே கிளம்புகிறது. எல்லாம் பேரரசரின் உத்தரவு. ஹார்க்கோனன்கள் 'சோம்' என்ற வணிக நிறுவனத்தின் ஒப்பந்தத்தின் பேரில் அராக்கிஸை அரை மானியமாக வைத்திருந்தார்கள்; அட்ரெய்டீஸுக்கு அது முழு மானியமாகக் கிடைக்கிறது. இவ்வளவையும் ஹெர்பர்ட் ஓரிரு வரிகளில் சொல்லிவிட்டுக் கதைக்குள் போய்விடுகிறார்.

நில வருவாய்ப் பதிவேடுகளோடு காலம் தள்ளும் எனக்கு அந்த வரிகளைத் தாண்டிப் போக முடியவில்லை. டியூக், பாரன், கோட்டை, பரம்பரைப் பகை எல்லாம் இருப்பதால் 'டியூன்' காட்டுவது ஐரோப்பிய நிலமானிய முறைதான் என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். அப்படியானால், தன் டியூக்கை ஓர் ஆணையில் பூர்வீக மண்ணிலிருந்து கிளப்பி வேறு சீமைக்கு அனுப்பிய ஐரோப்பிய அரசர் யார்? அவரைத் தேடத் தொடங்கினேன்.

முதலில் இடைக்கால வரலாற்றாசிரியர் மார்க் ப்ளோக்கின் நூல்களிலும் அவர் காட்டும் பழைய ஆணைகளிலும் தேடினேன். கிடைத்த தடயமெல்லாம் எதிர்த்திசையில் போனது. மானியம் ஆயுட்காலத்துக்கு மட்டுமே என்று தொடங்கி, மெல்ல மகனுக்கும் பேரனுக்கும் உரிய சொத்தாகிவிடுகிறது. 1037-இல் பேரரசர் இரண்டாம் கொன்ராட் லொம்பார்டிக்கு விதித்த சட்டம், சக மானியதாரர்களின் தீர்ப்பு இல்லாமல் ஒருவருடைய மானியத்தைப் பறிக்கக் கூடாது என்கிறது. 1180-இல் ஹென்றி என்ற பெரிய டியூக்கிடமிருந்து சாக்சனியையும் பவேரியாவையும் பேரரசர் பார்பரோசா பறித்தபோதுகூட, இளவரசர்களின் தீர்ப்பை முன்வைத்தே பறித்தார். மிக நெருங்கி வருவது 1737: லொரெய்ன் டியூக் தன் நாட்டை விட்டுக்கொடுத்து டஸ்கனியைப் பெற்றார். ஆனால் அது ஒரு போர் ஓய்ந்தபின் வல்லரசுகள் பேசி முடித்த ஏற்பாடு. ஒருவர் உத்தரவிட்டு இன்னொருவர் கிளம்பிப்போன கதை அல்ல.

நாவலின் பேரரசர் ஷதாமின் பட்டம் பாதுஷா. ஆகவே முகலாயர் பக்கம் திரும்பினேன். அங்கே கதவு உடனே திறந்தது. ஜாகீர் என்பது வருவாயை வசூலிக்கும் உரிமை. நிலம் ஜாகீர்தாருக்குச் சொந்தமில்லை. அவர் எங்கும் வேர்விடக் கூடாது என்பதால் மூன்று நான்கு ஆண்டுகளில் வேறிடத்துக்கு மாற்றிவிடுவார்கள். ஔரங்கசீப் காலத்தில் இந்தியாவில் இருந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியே, அமைச்சர் கோல்பேருக்கு எழுதிய கடிதத்தில் இதன் விளைவைச் சொல்கிறார்: நாளைக்கே பிடுங்கிக்கொள்வார்கள் என்று தெரிந்தவர் வாய்க்காலைச் செப்பனிட மாட்டார், கையில் இருக்கும்வரை குடியானவரைக் கசக்கிப் பிழிவார். ஹார்க்கோனன் பாரன் தன் சகோதரன் மகன் ரப்பானிடம் அராக்கிஸைப் பிழியச் சொல்லும் இடத்தை இந்தக் கடிதத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பாரனின் கொடூரத்துக்கு அவருடைய குணம் மட்டும் காரணமில்லை, அரை மானியத்தின் கணக்கும் காரணம். இந்தச் சிக்கலை விரிவாக ஆராய்ந்த இர்பான் ஹபீபின் வேளாண் வரலாற்று நூல் வெளிவந்தது 1963-இல். அதே ஆண்டு டிசம்பர் 'அனலாக்' இதழில்தான் ஹெர்பர்ட்டின் கதை தொடராக ஆரம்பித்தது.

வணிக நிறுவனம் நிலத்தின் மேல் உட்காருவதும் நமக்குப் புதிதல்ல. ஆற்காட்டு நவாப் முகமது அலி 1763-இல் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கம்பெனி அதை அவருக்கே குத்தகைக்கு விட்டது.

ஆனால் காலடான் இந்தச் சட்டகத்தில் அடங்கவில்லை. முகலாயர்கள் ராஜபுத்திர அரசர்களின் பூர்வீக நிலத்தை 'வதன்' என்று பிரித்து வைத்திருந்தார்கள். மாற்றல் விதி அதைத் தொடாது. 1678-இல் மார்வார் அரசர் ஜஸ்வந்த் சிங் இறந்தபின் ஔரங்கசீப் அங்கே கைவைத்தார். அந்த அரச குலத்தாரான ரத்தோர்களோடு மூண்ட போர் ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஓயவில்லை. ஷதாமோ அட்ரெய்டீஸ் குடும்பத் தலைவர் டியூக் லெட்டோவின் வதனையே வாங்கிவிடுகிறார், ஒரு வாள்கூட உருவப்படவில்லை.

விடை ஜப்பானில் இருந்தது. 1590-இல் ஓடவாரா கோட்டை விழுந்ததும், ஜப்பானைத் தன் கீழ் ஒன்றுசேர்த்த ஹிதெயோஷி, தன் கூட்டாளிகளிலேயே வலிமை மிக்கவரான தோகுகாவா இயெயாசுவைப் பரம்பரை மண்ணான மிகாவா உள்ளிட்ட ஐந்து மாகாணங்களை விட்டுக் கான்டோவுக்குப் போகச் சொன்னார். கான்டோ பெரியது, விளைச்சல் மிகுந்தது, ஆனால் அதுவரை ஹோஜோ குடும்பம் ஆண்ட அந்நிய மண். பரிசு போலத் தெரியும் ஒரு பொறி. இயெயாசு காலிசெய்த நாட்டுக்குப் போகச் சொல்லி ஓடா நோபுகாட்சுவுக்கும் உத்தரவு வந்தது. அவர் மறுத்தார், இருந்ததையும் இழந்தார். பொறி என்று தெரிந்தே லெட்டோ ஏன் அராக்கிஸுக்குப் போனார் என்பதை நோபுகாட்சுவின் கதி எனக்குப் புரியவைத்தது. ஹெர்பர்ட் ஜப்பானைப் பார்த்து எழுதினார் என்று நான் வாதாடவில்லை. உடைவாள் சுமக்கும் பிரபுக்களை அடக்க நினைக்கும் மைய அரசு எந்த ஆயுதத்தை எடுக்கும் என்பதை ஹெர்பர்ட்டின் நாவலும் ஹிதெயோஷியின் ஆணையும் ஒன்றுபோலக் காட்டுகின்றன என்கிறேன்.

இதற்காக ஐரோப்பாவை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. லெட்டோவை அழிக்கப் பேரரசர் அனுப்பும் சர்தாவ்கார் படை ஹார்க்கோனன் சீருடையில் வந்து இறங்குகிறது. சொந்தச் சீருடையில் வந்தது வெளியே தெரிந்தால் லாண்ட்ஸ்ராட் அவையின் பெருங்குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து எதிர்க்கும் என்ற பயம். கொன்ராட்டின் 1037 சட்டம் அந்தச் சீருடைக்குள் உயிரோடு இருக்கிறது. பேரரசர் பிரபுவை இடம் மாற்றலாம், விசாரணையின்றி ஒழித்துக்கட்டக் கூடாது. நிலத்துக்கு ஆசியச் சட்டம், பிரபுவின் உயிருக்கு ஐரோப்பியச் சட்டம். இந்த ஒட்டுவேலைதான் ஹெர்பர்ட்டின் அரசமைப்பு என்பது என் முடிவு.

இடம் மாற்றப்பட்ட இயெயாசு 1603-இல் ஷோகுன், அதாவது ஜப்பானின் ராணுவ ஆட்சியாளர், ஆனார். அவரும் அவர் வாரிசுகளும் மற்றப் பிரபுக்களை இதே முறையில் இடம் மாற்றினார்கள். நாவலின் முடிவில் லெட்டோவின் மகன் பால் அட்ரெய்டீஸும் அரியணையைப் பிடித்தவுடன், பழைய பேரரசரின் சோம் பங்குகளை அவர் மகளின் சீதனமாகக் கேட்கிறான். காலடானைத் தன் குடும்பத்தின் விசுவாசப் போர்வீரன் கர்னி ஹாலெக்குக்கு மானியமாக ஒதுக்குகிறான்.

ஜப்பானில் இந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு. 1840-இல் ஷோகுன் அரசு மூன்று பிரபுக்களைச் சுற்றி மாற்ற ஆணையிட்டது. ஷோனாயை ஆண்ட சகாய் குடும்பம் நாகவோகாவுக்குப் போக வேண்டும். புதிதாக வருபவர் வரியை ஏற்றிவிடுவார் என்று அஞ்சிய ஷோனாய் நெல் விவசாயிகள் கூட்டம் கூடினார்கள், மனுக்களோடு ஷோகுனின் தலைநகரான எடோ வரை போனார்கள். 1841-இல் அரசு ஆணையைத் திரும்பப் பெற்றது. காலடானிலும் விளைவது நெல்தான். அராக்கிஸின் ஃப்ரெமன் மக்களுக்கு அவ்வளவு வலுவான குரல் கொடுத்த ஹெர்பர்ட், 26 தலைமுறை ஆண்ட குடும்பம் ஒரே ஆணையில் கிளம்பும்போது காலடானின் உழவர்கள் என்ன நினைத்தார்கள் என்று கேட்கவேயில்லை. இந்த நாவலில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது அதுதான்.