மணலுக்கு நடுவே விட்ட இடம்

பூமிக்கடியில் எண்ணெய் ஏரியாகத் தேங்கிக் கிடக்கிறது என்றே பலரும் நினைக்கிறோம். கிணறு என்ற சொல் செய்த வேலை அது. உண்மையில் எண்ணெய் இருப்பது கல்லுக்குள், மணலுக்கும் மணலுக்கும் இடையே உள்ள சந்தில். அந்தச் சந்து எப்படி உண்டானது என்பதைக் காவிரிப் படுகையின் மணலே சொல்லும்.

அந்த மணல் பிறந்தது கருங்கல்லில். சேலம், நாமக்கல் பக்கத்துச் சார்னோக்கைட் பாறைக்குச் சுமார் 250 கோடி வயது. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், பைராக்சீன் என்ற மூன்று கனிமங்களும் அதில் இறுகிக் கிடக்கின்றன. ஏறக்குறைய 13 கோடி ஆண்டுகளுக்கு முன் காண்ட்வானா என்ற பெருங்கண்டம் பிளந்தது. இந்தியாவும் அண்டார்க்டிகாவும் விலக, இன்றைய கிழக்குக் கரையோரம் பள்ளம் பள்ளமாக உள்வாங்கியது. மேட்டை அரித்த ஆறுகள் மணலை அங்கே கொண்டுவந்து கொட்டின.

பைராக்சீன் சீக்கிரமே மக்கிப்போனது. குவார்ட்ஸ் எதற்கும் அசையவில்லை. ஃபெல்ட்ஸ்பார் நெடுவழி தாங்காது, களிமண்ணாகிவிடும். ஆனால் ஆண்டிமடம் என்று பெயரிட்ட அடி அடுக்கின் மணற்கல்லில் ஃபெல்ட்ஸ்பார் தாராளமாக இருக்கிறது. அப்படியென்றால் மேடும் பள்ளமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மணல் வெகுதூரம் வரவில்லை, வந்ததும் புதைந்துவிட்டது.

பிறகு கடல் உள்ளே புகுந்தது. பெரம்பலூர் மாவட்டம் காரையில் வெளியே தெரியும் களிமண் மேடுகளில் அம்மோனைட் என்ற கடலுயிரியின் ஓடுகள் கிடப்பது அதனால்தான். அத்தகைய களிமண் மேலே மூடியாகப் படிய, கீழே மணல் நசுங்கியது. கால்சைட் ஊறி வந்து சிமென்ட்போல் மணல் மணிகளை ஒட்டியது. ஃபெல்ட்ஸ்பார் கரைந்த இடத்தில் புதுப் பொந்து விழுந்தது. கரைந்த ஃபெல்ட்ஸ்பாரிலிருந்து பிறந்த கேயோலின் களிமண் வேறு சில பொந்துகளை அடைத்தது. ஆண்டிமடம் அடுக்கின் கரிய களிப்பாறையில் புதைந்த உயிர்ப்பொருள், ஆழத்தின் சூட்டில் வெந்து எண்ணெயானது. தண்ணீரைவிட லேசான எண்ணெய் மேலேறி, களிமண் மூடி தடுத்த இடத்தில் தங்கியது.

ஆய்வுக்கூடத்தில் இந்த மணற்கல்லில் நீலப் பிசினை ஏற்றி, 0.03 மில்லிமீட்டர் சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைப்பார்கள். குவார்ட்ஸ் கண்ணாடியாகத் தெளிந்திருக்கும். பக்கத்தில் ஓரம் அரிபட்ட ஃபெல்ட்ஸ்பார். அரிபட்ட இடமெல்லாம் நீலம். எண்ணெய் குடியிருக்கும் இடம் அந்த நீலம்தான். உறுதியான மணி கல்லைத் தாங்கியது. கரைந்த மணி எண்ணெய்க்கு இடம் விட்டது.